இரகசியம் காத்தலும் உண்மை உரைத்தலும்

அரச கருமங்களுள் எல்லாரும் அறியத்தக்கனவும் உள. ஒரு சிலர் மாத்திரமே அறிந்து பேணத்தக்கனவும் உள. பின்னவற்றை யாரிடம் ஒப்படைப்பது, ஒப்படைக்கப்பட்டவர் தவறிழைத்தாராயின் அவரை என் செய்வது என்னும் வினாக்கள் இன்று நேற்று எழுந்தவையல்ல. திருவள்ளுவர் பொருட்பாலிலே 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்து, ஒருவரை ஆராய்ந்தறிந்த பின்னரே அவரை நம்புதல் வேண்டும் என்பதனை விரித்துரைத்தார். இக்காலத்து வல்லரசுகள் அவ்வாராய்ச்சியை விதிகளாகவும் படிவங்களாகவும் விசாரணைச் சபைகளாகவும் அமைத்துக்கொண்டுள்ளன. அவற்றுள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் முறை எழுத்தில் வெளியிடப்பட்டிருத்தலாலும், அதன்கீழ் எழுந்த வழக்குகள் பல பகிரங்கப் பதிவேடுகளிற் காணப்படுதலாலும், அதனைக் கற்பது எமக்கு மிக்க பயன் தருவதாகும்.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது ஒரேயொரு வினாவையே. இரகசியத் தகவலைக் கையாளுவதில் வழுவிய ஒருவர் தம்மீது அரசு வைத்த நம்பிக்கையை இழப்பது அவ்வழுவினாலா? அன்றி, அதுபற்றி வினாவப்பட்டபோது உண்மை உரையாமையினாலா? வழக்குகளை ஊன்றி நோக்குவார்க்கு, முதலாவது தவறு பலகாலும் மன்னிக்கப்படக்கூடியது என்பதும், இரண்டாவதே ஆளை வீழ்த்துவது என்பதும் புலனாகும். இதனோடு ஒட்டிய பிறிதோர் உண்மையும் உண்டு. பிறரிடம் உண்மையை வேண்டி நிற்கும் அரசு தானும் ஒளிவு மறைவின்றி ஒழுகுதல் வேண்டும் என்பதே அது. இவ்விரண்டினையும் முறையே காண்பாம்.

பாதுகாப்பு அனுமதி என்பது யாது?

அமெரிக்க அரசு தன் இரகசியங்களை மூன்று படிகளாக வகுத்துள்ளது. வெளிப்பட்டால் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு விளைக்கக்கூடியது முதலாம் படி. பெருங்கேடு விளைக்கக்கூடியது இரண்டாம் படி. ஈடுசெய்ய அரிய கொடுங்கேடு விளைக்கக்கூடியது மூன்றாம் படி. இவற்றை முறையே அந்தரங்கம், இரகசியம், அதி இரகசியம் என நாம் வழங்கலாம். இவற்றைப் பார்ப்பதற்கு ஒருவருக்கு அரசு அளிக்கும் இசைவே பாதுகாப்பு அனுமதி எனப்படும். அனுமதி பெற்றவரும் எல்லாப் பத்திரங்களையும் புரட்டிப் பார்த்துவிட முடியாது. தம் கடமைக்கு எது வேண்டப்படுகின்றதோ அதனை மாத்திரமே அவர் அறியலாம்.

அனுமதி வேண்டுவோர் நெடியதொரு வினாப்படிவத்தை நிரப்புதல் வேண்டும். எங்கெங்கே வசித்தீர்? யாரிடம் வேலை பார்த்தீர்? பிற நாட்டாருள் யாரோடு தொடர்புடையீர்? கடன் உண்டா? போதைப் பொருள் உட்கொண்டதுண்டா? பொலிசாராற் கைது செய்யப்பட்டதுண்டா? இவ்வாறு வினாக்கள் தொடர்ந்து செல்லும். விடைகளைப் பெற்றபின் அயலாரையும் நண்பரையும் மேலதிகாரிகளையும் கண்டு விசாரிப்பர். படிவத்தில் அறிந்தே பொய் எழுதுதல் தண்டனைக்குரிய குற்றமாகும்.

இவ்வனுமதி ஒருவரின் உரிமையன்று. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1988ஆம் ஆண்டிற் கடற்படைத் திணைக்களத்துக்கும் ஈகன் என்பாருக்கும் இடையிலான வழக்கில் இதனைத் தெளிவாக உரைத்தது. ஈகன் என்பவர் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் நிலையமொன்றிற் பணிபுரிந்த தொழிலாளர். அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டமைக்குக் காட்டப்பட்ட காரணங்களுள், முன்னைய குற்றத்தீர்ப்புகள் இரண்டினை விண்ணப்பத்திற் கூறாது விட்டமையும் ஒன்றாகும். பாதுகாப்பு அனுமதியைப் பெறுதற்கு எவருக்கும் உரிமை இல்லை என்பதும், அதனை வழங்குவதும் மறுப்பதும் நிறைவேற்று அதிகாரத்தின் பாற்பட்டவை என்பதும் அத்தீர்ப்பின் கருத்தாகும். அஃதாவது, ஐயம் எழுந்தவிடத்து அந்த ஐயம் ஆளுக்குச் சார்பாகவன்றி நாட்டின் பாதுகாப்புக்குச் சார்பாகவே தீர்க்கப்படும். குற்றவியல் வழக்கில் ஐயத்தின் பயன் எதிரிக்கே சேரும் என்று கற்ற எமக்கு இது நேர்மாறாகத் தோன்றும். எனினும் இங்கே ஆராயப்படுவது செய்த குற்றம் அன்று, வருங்காலத்தில் அவரை நம்பலாமா என்பதே.

விதிகள் கூறுவன

2017ஆம் ஆண்டு யூன் மாதம் முதல் நடைமுறைக்கு வந்த பணிப்புரை, ஆராயவேண்டிய விடயங்களைப் பதின்மூன்று தலைப்புகளில் வகுத்துக் கூறுகின்றது. நாட்டுப் பற்று, பிறநாட்டாரின் செல்வாக்கு, பண நிலைமை, மதுப் பழக்கம், போதைப் பொருள், குற்றச் செயல் என்பன அவற்றுட் சில. எமது ஆராய்ச்சிக்கு வேண்டுவன இரண்டு: தனிப்பட்ட நடத்தை என்பது ஒன்று, பாதுகாக்கப்பட்ட தகவலைக் கையாளுதல் என்பது மற்றையது. உண்மை உரையாமை முன்னையதிலும், இரகசியப் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டு செல்லுதல், உரிமையில்லாதாருக்குக் காட்டுதல், பூட்டவேண்டிய பெட்டகத்தைப் பூட்டாது விடுதல் போன்றவை பின்னையதிலும் அடங்கும்.

இவ்விரண்டு தலைப்புகளின்கீழும் குற்றத்தின் கடுமையைத் தணிக்கும் நிலைமைகள் எவை என்பதும் கூறப்பட்டுள்ளது. அவற்றை ஒப்புநோக்குதல் வேண்டும். தகவலைக் கையாளுவதில் நேர்ந்த தவறு நெடுங்காலத்துக்கு முன் நேர்ந்ததாயின், அல்லது போதிய பயிற்சி அளிக்கப்படாமையால் நேர்ந்ததாயின், அல்லது அறிவுறுத்தப்பட்டபின் அவர் திருந்தி ஒழுகினாராயின், அதன் கடுமை குறையும். தவறு அறியாமல் நேர்ந்து, உடனே அறிவிக்கப்பட்டு, தகவல் பிறர் கைக்குச் சென்றதற்குச் சான்று இல்லையாயின் அவ்வாறே குறையும். உண்மை உரையாமைக்கோ முதலிற் கூறப்படும் தணிவு ஒன்றே பெரிதும் கருதத்தக்கது. மறைத்ததனை, அதற்கான சான்று தம்முன் வைக்கப்படுவதற்கு முன்னரே, தாமாக விரைந்து திருத்திக் கூறியிருத்தல் வேண்டும்.

'முன்னரே' என்னும் அச்சொல்லிலேதான் இவ்விதியின் உயிர் இருக்கின்றது. சான்றினைக் கண்டபின் ஒப்புக்கொள்ளுதல் உண்மையின்பாற் கொண்ட பற்றினால் எழுந்ததா, வேறு வழியின்மையால் எழுந்ததா என்பதனைப் பிறர் அறிதல் அரிது. காணுமுன் ஒப்புக்கொள்ளுதலில் அந்த ஐயத்துக்கு இடமில்லை.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். திணைக்களமொன்றிற் பணிபுரியும் உத்தியோகத்தர் ஒருவர், மாலையில் வேலை முடியாமையால், இரகசியப் பத்திரமொன்று தம் கோவைகளோடு கலந்திருத்தலை அறியாது வீட்டுக்குக் கொண்டு சென்றார் எனக் கொள்வோம். இரவில் அதனைக் கண்டதும் அவர் பாதுகாப்பு அதிகாரிக்கு அறிவித்தாராயின், அதிகாரி கடிந்துகொள்வார். ஓர் அறிக்கை எழுதப்படும். மீண்டும் பயிற்சிக்கு அனுப்பப்படலாம். அவ்வளவில் காரியம் முடிவுறும். அவ்வாறன்றி, மறுநாட் காலையில் யாரும் அறியாமல் அதனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பின்னர் கேட்கப்பட்டபோது 'பத்திரம் வெளியே செல்லவே இல்லை' என்று கூறினாராயின் நிகழ்வது வேறு. பத்திரத்துக்கு நேர்ந்தது இரண்டிடத்தும் ஒன்றே. ஆயின் பின்னவர் கூறும் எதனையும் இனி நம்பலாமா என்னும் வினா எழுந்துவிடுகின்றது. இரகசியத்தைக் காப்போரின் பின்னே எந்நேரமும் காவலாளன் ஒருவனை நிறுத்தி வைத்தல் இயலாது. அவர் தாமே கூறுவதனைக் கொண்டுதான் பல தவறுகள் அறியப்படவும் திருத்தப்படவும் வேண்டியுள்ளன. அவர் சொல் நம்பத்தகாதது ஆயின் அம்முறை முழுவதும் பயனற்றதாகும்.

பேர்கர் வழக்கு

இரண்டு தவறுகளும் ஒருங்கே அமைந்த வழக்காகச் சாமுவேல் பேர்கர் என்பாரது வழக்கினைக் காட்டலாம். இவர் 1997 முதல் 2001 வரை சனாதிபதி கிளின்டனின் தேசிய பாதுகாப்பு ஆலோசகராக விளங்கியவர். நாட்டின் அதி இரகசியங்களை நாடோறும் கையாண்டவர். 2001 செப்டெம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதல்களை ஆராய அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் விசாரணைக்கு ஆயத்தஞ் செய்யும் பொருட்டு, 2003ஆம் ஆண்டில் வாஷிங்டனிலுள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குச் சென்று, தம் காலத்துப் பத்திரங்களைப் படித்தார். அதற்கு அவருக்கு இசைவு இருந்தது. வெளியே கொண்டு செல்வதற்கோ இசைவு இருக்கவில்லை.

அவ்வாண்டு செப்டெம்பர் 2ஆம் நாளும் ஒக்டோபர் 2ஆம் நாளும் அவர் ஒரே அறிக்கையின் வெவ்வேறு பிரதிகள் ஐந்தினை மறைத்து எடுத்துச் சென்றார். முதல் வருகையின்போதே ஐயுற்ற ஊழியர்கள், இரண்டாம் வருகையின்போது பிரதிகளுக்கு இலக்கமிட்டு வைத்திருந்தனர். ஒக்டோபர் 4ஆம் நாள், பத்திரங்களைக் காணவில்லை என்று அவருக்கு அறிவித்தபோது, தாம் எடுத்துச் சென்றதாக அவர் கூறவில்லை. பின்னர் இரண்டு பிரதிகளைத் தேடிக் கண்டெடுத்ததாகக் கூறி ஒப்படைத்தார். ஏனைய மூன்றனையும் அவர் தம் கந்தோரிற் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டிருந்தார். 2004ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தபோது, அது கவனக் குறைவால் நேர்ந்ததொன்று என்றே அவர் தரப்பிற் சொல்லப்பட்டது. 2005 ஏப்பிரல் 1ஆம் நாள் நீதிமன்றத்திலே, அறிந்தே எடுத்துச் சென்றதாக அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அவர் எடுத்தவை மூலப் பத்திரங்கள் அல்ல, பிரதிகளே. ஆதலின் வழக்குத் தொடுநர் 10,000 டொலர் தண்டமே போதும் என விதந்துரைத்தனர். நீதவானோ அதனை 50,000 டொலராக உயர்த்தி, ஈராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 100 மணி நேரச் சமூக சேவையும் விதித்தார். மூன்றாண்டு காலத்துக்கு அவர் பாதுகாப்பு அனுமதியை இழந்தார். 2007ஆம் ஆண்டில், மேலும் விசாரணையை எதிர்கொள்ளாது, வழக்கறிஞராகத் தொழில் புரியும் தகுதியையும் விட்டுக்கொடுத்தார்.

இங்கே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய கணம் ஒக்டோபர் 4ஆம் நாளே. சுவடிக்கூடத்தார் வினாவியபோது ஐந்து பிரதிகளையும் எடுத்துச் சென்றமையையும் மூன்றனை அழித்தமையையும் கூறியிருந்தாராயின், தண்டனை இன்றித் தப்பியிருப்பார் என்று நாம் சொல்லத் துணியோம். ஆயின் பதினெட்டு மாதங்கள் இன்னொரு கதையைச் சுமக்கவேண்டிய நிலை அவருக்கு நேர்ந்திராது. அவர் அழித்தவற்றுள் என்ன இருந்தனவோ என்னும் ஐயமும், பிரதிகளைத் தவிர வேறு பத்திரங்களையும் எடுத்தாரோ என்னும் ஐயமும் அவரது இறுதிக்காலம் வரை அவரைத் தொடர்ந்தன. உண்மை கூறாதவனைப் பற்றிப் பிறர் உண்மைக்கு மேலும் கற்பித்துக்கொள்வர். அதனைத் தடுக்கும் வலிமை அவனுக்கு இருப்பதில்லை.

ஒப்பன்ஹைமர் வழக்கு

அடுத்து நாம் எடுத்துக்கொள்வது இதனின் வேறுபட்டதும் இதனினும் பெரியதுமாகிய வழக்கு. றொபேட் ஒப்பன்ஹைமர் அணுக்குண்டினை ஆக்கிய லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தின் தலைவராக விளங்கிய பௌதிகவியல் அறிஞர். பேர்க்லிப் பல்கலைக்கழகத்திற் படிப்பித்த காலத்திலே ஆதர் றைடர் என்னும் பேராசிரியரிடம் சமஸ்கிருதம் பயின்று, பகவத்கீதையை அதன் மூலமொழியிலேயே படித்தவர் என்பதனால் எம்மவர்க்கும் அவர் பெயர் அயலானதன்று.

இவர் இரகசியத்தை வெளியிட்டவரல்லர். 1942-43ஆம் ஆண்டு மாரிக்காலத்தில், அவருடைய நண்பரும் பிரெஞ்சு மொழி ஆசிரியருமாகிய ஹாக்கன் செவாலியே என்பவர், சோவியத் நாட்டுக்கு விஞ்ஞானத் தகவலை அனுப்பும் வழி எல்டென்டன் என்னும் இரசாயனப் பொறியியலாளரிடம் உண்டு என்று அவரிடம் குறிப்பிட்டார். ஒப்பன்ஹைமர் அதனை அங்கேயே மறுத்துவிட்டார். அத்துடன் முடிந்திருக்கவேண்டிய காரியம் அது. ஆயினும் பல மாதங்கள் அதனை அவர் எவருக்கும் அறிவிக்கவில்லை. 1943 ஓகஸ்ட் மாதத்தில் எல்டென்டனைக் கவனிக்கும்படி பாதுகாப்பு அதிகாரிகளிடம் கூறினார். இடையில் நின்றவர் யார் என்று அவர்கள் வினாவியபோது நண்பரின் பெயரை மறைத்து, அவ்விடையாள் விஞ்ஞானிகள் மூவரை அணுகினார் என்று இல்லாததொரு கதையையும் சேர்த்துச் சொன்னார். அவ்வுரையாடல் அவர் அறியாவண்ணம் ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தது. அவ்வாண்டு டிசெம்பரிலே தளபதி குறோவ்ஸ் வற்புறுத்திக் கேட்டபோதுதான் செவாலியேயின் பெயரை வெளியிட்டார்.

நண்பரைக் காக்கும் பொருட்டுச் சொல்லப்பட்ட அக்கதை நண்பரைக் காக்கவில்லை என்பதனை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். சமையலறையில் நிகழ்ந்த சில நிமிடப் பேச்சு, மூவரை அணுகிய சதியாக உருப்பெற்றது. நடந்ததனை நடந்தவாறே கூறியிருந்தால் செவாலியே அவ்வளவு கொடியவராகத் தோன்றியிரார். பொய் தான் காக்க எண்ணிய பொருளையே கெடுத்துவிட்டது.

பதினோராண்டுகள் சென்றன. இதனிடையே ஒப்பன்ஹைமர் பெரும் புகழ் எய்தினார், பகைவரையும் தேடிக்கொண்டார். 1949ஆம் ஆண்டில் அவர் தலைமை தாங்கிய ஆலோசனைக் குழு, ஐதரசன் குண்டினை அவசரமாக ஆக்குதல் தகாது எனக் கூறியது பலருக்குச் சினமூட்டியது. 1953 டிசெம்பரில் அவருடைய அனுமதி இடைநிறுத்தப்பட்டது. 1954 ஏப்பிரல் 12 முதல் மே 6 வரை கோர்டன் கிரே, தோமஸ் மோகன், வோட் எவன்ஸ் ஆகிய மூவர் கொண்ட சபை அவரை விசாரித்தது. 1943ஆம் ஆண்டுக் கதை அங்கே முன்வைக்கப்பட்டது. அது தாம் புனைந்த பொய் என்பதனை அவர் ஒப்புக்கொள்ளவேண்டியவரானார். ஏன் புனைந்தீர் என்ற வினாவுக்குத் தம் மடமையே காரணம் என்பதன்றி வேறு விடை கூற அவரால் இயலவில்லை.

சபையின் முடிபு விசித்திரமானது. அவர் நாட்டுப் பற்று உடையவர் என்பதனையும், இரகசியங்களைப் பேணுவதில் தேர்ந்தவர் என்பதனையும் சபையார் ஏற்றுக்கொண்டனர். ஆயினும் அனுமதியை மீள அளித்தல் ஆகாது என இருவர் கூறினர், எவன்ஸ் மறுத்துரைத்தார். யூன் 29ஆம் நாள் அணுசக்தி ஆணைக்குழு, நால்வர் ஒருபுறமும் ஹென்றி ஸ்மித் என்னும் பௌதிகவியல் அறிஞர் ஒருவரே மறுபுறமுமாக, அம்முடிபினை உறுதிசெய்தது. ஆணைக்குழுவின் பெரும்பான்மையினர் சிறப்பாகச் சுட்டியது குணக் குறையையும் பொய்யுரைகளையுமே. மறுநாளோடு அவருடைய அனுமதி தானாகவே முடிவடைய இருந்தது என்பது இதன் கொடுமையை நன்கு காட்டும்.

அரசின் கடன்

இவ்வழக்கினை ஒருதலையாக நோக்கி, பொய் சொன்னவர் அதன் பயனை அனுபவித்தார் என்று முடித்துவிடுதல் நீதியன்று. விசாரணை நடைபெற்ற முறையை நோக்குக. ஒப்பன்ஹைமர் தம் வழக்கறிஞரோடு அந்தரங்கமாகப் பேசியவற்றை இரகசியப் பொலிசார் ஒட்டுக்கேட்டனர். அவை எதிர்த்தரப்பினர் கைக்குச் சென்றன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பார்த்த கோவைகளை இவர் தரப்பு வழக்கறிஞர் பார்க்க இயலவில்லை. இரகசியம் பேசப்பட்ட வேளைகளில் அவ்வழக்கறிஞர் அறையை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. பதினோராண்டுக்கு முன் நிகழ்ந்த பேச்சின் ஒலிப்பதிவு தம்மிடம் உண்டு என்பதனை முன்னறிவியாது, அவர் நினைவை மாத்திரம் கொண்டு விடை கூறச் செய்து, பின் பதிவினைக் காட்டி அவரை மடக்கினர். அன்றியும், 1947ஆம் ஆண்டிலேயே இச்செய்திகள் பெரும்பாலும் அறியப்பட்டிருந்தும் அவருக்கு அனுமதி அளிக்கப்பட்டிருந்தது. பழைய பொய் புதிய கருத்து வேற்றுமைக்கு ஆயுதமாயிற்று என்று கருதுவாரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

2022 டிசெம்பர் 16ஆம் நாள் அமெரிக்க எரிசக்திச் செயலாளர் ஜெனிபர் கிறன்ஹோம் 1954ஆம் ஆண்டுத் தீர்மானத்தை நீக்கினார். ஆணைக்குழு தன் சொந்த விதிகளையே மீறியது என்பது அவர் காட்டிய காரணம். ஒப்பன்ஹைமர் இறந்து அப்பொழுது ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இத்தகைய அநீதியைத் தடுக்கும் முயற்சி முன்னரே தொடங்கிவிட்டது எனலாம். வில்லியம் கிறீன் என்னும் பொறியியலாளர், தம்மைப் பற்றிச் சாட்சி கூறியவர் யாவர் என்பதே அறியாமல் அனுமதியையும் அதனால் வேலையையும் இழந்தவர். 1959 யூன் 29ஆம் நாள் உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சாட்சிகளை நேரிற் கண்டு குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பினை மறுத்து ஒருவரின் தொழிலைப் பறிக்கும் அதிகாரம் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அளிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு. அதனை அடுத்து 1960 பெப்புருவரியில் சனாதிபதி ஐசன்ஹோவர் 10865ஆம் இலக்கக் கட்டளையைப் பிறப்பித்தார். அதன்படி, அரச ஒப்பந்தத் தொழில்களில் உள்ளாருக்கு அனுமதி மறுக்கப்படும்போது காரணங்களை எழுத்தில் அறிவித்தல், மறுமொழி கூறவும் நேரில் தோன்றி வாதிடவும் இடங்கொடுத்தல் என்பன விதியாயின.

நிறுவனங்களும் தம்மவர் தவறினை மூடிமறைக்கும் இயல்புடையன என்பதற்கு ஜோன் டொய்ச் வழக்குச் சான்று. மத்திய உளவு நிறுவனத்தின் தலைவராக இருந்த இவர், 1996 டிசெம்பரிற் பதவி விலகும் வேளையில், இணையத்தோடு தொடுக்கப்பட்ட வீட்டுக் கணினிகளில் அதி இரகசியச் செய்திகளை எழுதி வைத்திருந்தமை கண்டறியப்பட்டது. விசாரணை தொடங்குமுன் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகளை அவர் அழிக்க முயன்றமையும் தெரியவந்தது. ஆயினும் அந்நிறுவனம் நீதித் திணைக்களத்துக்கும் சட்டசபைக் குழுக்களுக்கும் உரிய காலத்தில் அறிவிக்கவில்லை என நிறுவனத்தின் தலைமைப் பரிசோதகரே பின்னர் குறை கூறினார். 1999 ஓகஸ்டிலேதான் டொய்ச்சின் அனுமதி இடைநிறுத்தப்பட்டது. 2001 சனவரி 19ஆம் நாள் குற்றத்தை ஒப்புக்கொள்ள அவர் இசைந்தார்; மறுநாள் சனாதிபதி கிளின்டன் அவருக்கு மன்னிப்பு அளித்தார். அதே தவறினைச் செய்த சிறு உத்தியோகத்தர் ஒருவருக்கு இத்தகைய தாமதமும் தயவும் கிடைத்திருக்குமா என்று பலர் வினாவினர். அவ்வினாவுக்குத் தக்க விடை கூறுவார் இலர். பெரியோரின் தவறினை மறைக்கும் கந்தோரிலே சிறியோர் தம் தவறினைத் தாமே கூறுவர் என்று எதிர்பார்த்தல் எங்ஙனம்?

நாம் கொள்ளத்தக்க பாடம்

மேலே கூறியவை தூரதேசத்துப் பெரும் பதவியாளரின் வரலாறுகளேயாயினும், அவற்றின் பாடம் எமக்கும் உரியதே. எமது கல்லூரியிற் பயின்றோருட் பலர் அரசாங்கக் கந்தோர்களிலும் வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் பணிபுரிகின்றனர். கணக்காளர் கையில் பிறர் பணவிபரமும், வைத்தியர் கையில் பிறர் நோய்விபரமும், ஆசிரியர் கையிற் பரீட்சை வினாத்தாளும் ஒப்படைக்கப்படுகின்றன. ஒவ்வொருவரும் ஓரளவுக்கு இரகசியம் காப்போரே.

மாணவர் மனத்திற் கொள்ளத்தக்கன மூன்று. முதலாவது, தவறு நேர்ந்த அன்றே அதனை உரியவருக்கு அறிவித்தல். அடுத்த நாளைக்கு ஒத்திவைக்கப்பட்ட உண்மை, ஒவ்வொரு நாளும் சொல்லுதற்கு அரியதாகிக்கொண்டே செல்லும். அறிவிக்காத தவறோடு அறிவியாமை என்னும் இன்னொரு தவறும் நாடோறும் வளரும். இரண்டாவது, முழுவதையும் கூறுதல். ஐந்தில் இரண்டை ஒப்படைத்து மூன்றனை மறைத்தவர், ஒப்படைத்த இரண்டினாலும் நன்மதிப்புப் பெறவில்லை. மூன்றாவது, கூற இயலாதது ஒன்று உண்டாயின் 'அதனைக் கூற மாட்டேன்' என்று வெளிப்படையாகச் சொல்லுதலே தக்கது. அதன் இடத்தில் வேறொரு கதையை வைத்தல் தகாது. ஒப்பன்ஹைமர் நண்பரின் பெயரைக் கூற மறுத்து அத்துடன் நின்றிருந்தால் அவர் பதவியை அன்றே இழந்திருக்கக்கூடும். ஆயினும் அவர் சொல் பழுதுபடாது நின்றிருக்கும்.

தலைமைப் பொறுப்பில் உள்ள பழைய மாணவர்க்கும் ஒன்று உண்டு. தாமாக வந்து தவறினைக் கூறுவோரை எவ்வாறு நடத்துகின்றோம் என்பதனைக் கந்தோர் முழுவதும் கவனித்துக்கொண்டிருக்கின்றது. உண்மை கூறியவரை மறைத்தவரிலும் கடுமையாகத் தண்டித்தால், அடுத்த தவறு எமது காதுக்கு எட்டாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சான்றினைக் காட்டி, மறுமொழி கூற இடங்கொடுத்து, வேறு காரணத்தால் எழுந்த வெறுப்பினை இதனோடு கலவாது தீர்ப்புக் கூறுதல் தலைவரின் கடன். மேலிருப்போர் அவ்வாறு ஒழுகுமிடத்தே கீழிருப்போர் அஞ்சாது உண்மை உரைப்பர். இரகசியமும் அங்கேதான் பாதுகாப்பாக இருக்கும்.